வளரிளம் பிள்ளைகளுக்கு ஒரு மாலை மையம்: வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தொடங்கி நடத்துவது எப்படி

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆறு வருடமாக மாலை மையம் நடத்துகிறோம். அதைப் பார்த்துவிட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து ஊர்களில் தொடங்கினார்கள். மூன்று நின்றுபோயின. நின்ற இடங்களில் யாருக்கும் மனசு குறைவில்லை, வேலைகளின் வரிசைதான் தப்பிப்போயிருந்தது. முதலில் திறப்பு விழா, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் பொறுப்பாளர், கடைசியில் கழிப்பறை என்று போனார்கள். கீழே இருப்பது கிட்டத்தட்ட அதைத் தலைகீழாகத் திருப்பியது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு வருடம் நிற்கக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர், தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை உள்ள இடம், ஆறு மாதச் சிற்றுண்டிக்கான பணம், பந்து ஒன்று, நோட்டு இரண்டு, முதலுதவிப் பெட்டி. 25 பிள்ளைகள், வாரம் மூன்று நாள், தலைக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,000 ரூபாய் சிற்றுண்டிக்கே ஆகும். ஆறு மாதத்துக்கு 18,000. இந்தப் பணம் கையில் இல்லாமல் அறிவிப்புக் கொடுக்காதீர்கள். மூன்றாம் மாதம் சுண்டல் நின்றால் நான்காம் மாதம் பிள்ளைகள் நிற்பார்கள்.

1. மூன்று வாரம் தெருவைப் பாருங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பெயர்ப்பட்டியல் வாங்கித் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. பட்டியலில் பெயர் இருக்கும், அந்தப் பிள்ளை நாலரை மணிக்கு எங்கே இருக்கிறது என்பது இருக்காது.

மாலை நாலரையிலிருந்து ஏழு வரை, மூன்று வாரம், வெவ்வேறு கிழமைகளில் நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் இப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்களின் வேன் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது, அதுவரை வீடுகளில் பெரியவர் இல்லை. பையன்கள் ஏரிக்கரையிலும் செல்போன் கடை வாசலிலும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் கண்ணிலேயே படவில்லை. தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது, ஆயாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுப்பது என்று உள்ளேயே இருந்தார்கள்.

இது தெரியாமல் நேரம் குறித்தால் பையன்கள் மட்டும் வருகிற மையமாகிவிடும். எந்த வீட்டில் எந்த வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று எழுதிக்கொண்டு, அதிலிருந்து உங்கள் நேரத்தை எடுங்கள்.

இல்லம் தேடிக் கல்வி மையம் ஊரில் இருந்தால் அந்தத் தன்னார்வலரிடம் முதலில் பேசிவிடுங்கள். அது 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அரசு 2021இல் தொடங்கிய மாலை வகுப்பு. உங்கள் மையமும் அதுவும் ஒரே நேரத்தில் நடந்தால் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுவார்கள்.

தொடங்குகிற மாதமும் முக்கியம். ஜூனில் நோட்டுப் புத்தகம், சீருடை என்று வீடு அலைந்துகொண்டிருக்கும். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம். ஜூலை நடுவில் தொடங்குவதுதான் எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது.

2. இடத்துக்கு முன்னால் ஆட்கள்

இந்த வயதுப் பிள்ளை நிகழ்ச்சிக்காக வருவதில்லை, ஆளுக்காக வருகிறது. அந்த ஆள் மாறிக்கொண்டே இருந்தால் எதையும் வாய் திறந்து சொல்லாது. அதனால் மாணவர் படை ஒன்றைத் திரட்டி வாரம் ஒருவரை அனுப்புகிற திட்டம் வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் நல்லவர்கள்தான், செமஸ்டர் வந்தால் காணாமல் போவார்கள். அவர்களை விளையாட்டுக்கும் கணக்குப் பாடத்துக்கும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையான இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் பெண். உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு அமைந்தவர் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டவர் என்பதால் எந்த வீட்டுக்கும் நேராக அடுப்படி வரை போவார்.

வருகிற ஒவ்வொரு பெரியவரிடமும் எழுதி வாங்க வேண்டிய விதிகள் இவை. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டுமானால் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற திண்ணையில் பேசலாம். இரவில் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. வண்டியில் தனியாக ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுக்கக் கூடாது. "நம்ம ஆளுதானே" என்று இதை யாருக்கும் தளர்த்தாதீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் என்ன செய்வது என்பதை முதல் நாளுக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. துருவித் துருவிக் கேட்காதீர்கள், விசாரிப்பது உங்கள் வேலையில்லை. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், அன்றே. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கலாம் என்று யாராவது வருவார்கள். வழிவிடாதீர்கள்.

3. எல்லாத் தெருவும் ஏறக்கூடிய இடம்

அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு முதலில் கிடைத்தது கோயில் மண்டபம். மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, வாடகை கிடையாது. முதல் வாரம் தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து ஏழு பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் கீழ்ப்படியிலேயே நின்றார்கள். "உள்ளே வாங்கப்பா" என்றால் சிரித்துவிட்டு, "பரவால்லண்ணா, இங்கியே நிக்கிறோம்" என்றார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையே இருக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பேர், அதற்கடுத்த வாரம் யாருமில்லை. முஸ்லிம் தெருப் பிள்ளைகளும் வரவில்லை. மாதவிடாய் நாட்களில் ஊர்ப் பெண் பிள்ளைகளும் வரவில்லை. இலவச மின்விசிறிக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

இரண்டு மாதம் கழித்து மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடத்துக்கு மாறினோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் சத்தம் போடும். பிள்ளைகள் திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

ஆகவே இடம் தேடும்போது ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பெண் பிள்ளையைக் கேளுங்கள்: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீ தனியா அங்க நடந்து போவியா?" அவள் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். பள்ளி வகுப்பறை, நூலகம், ஊராட்சிக் கட்டடம், குழுக் கட்டடம் இவை நான்கும் பெரும்பாலும் தேறும். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த சாவி, தலைமையாசிரியர் மாறினால் திரும்பப் போய்விடும்.

மற்றபடி பார்க்க வேண்டியவை: தெருவிலிருந்து உள்ளே தெரிகிற ஜன்னல், தண்ணீர் வருகிற கழிப்பறை, அதற்குள் மூடி போட்ட குப்பைக் கூடை. அந்தக் கூடை இல்லாததாலேயே மாதத்தில் நான்கைந்து நாள் வராமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

4. வீடு வீடாகப் போய்ச் சம்மதம்

துண்டுப் பிரசுரம் பயன்படாது. கம்பெனிக்குப் போகிற அம்மா வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், அப்போது போங்கள். ஆயா இருந்தால் அவரிடமும் பேசுங்கள். நிறைய வீடுகளில் மாலையில் யார் எங்கே போகலாம் என்று முடிவு செய்வது அவர்தான்.

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும்: "டியூஷன்னா அனுப்புறேன். சும்மா வெளாடறதுக்குன்னா எதுக்குபா?"

ஆள் சேர்ந்தால் போதும் என்று "ஆமாம்மா, டியூஷன்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் காலாண்டுத் தேர்வில் மார்க் ஏறாவிட்டால் அம்மா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், நியாயம் அவர் பக்கம் இருக்கும். நான் சொல்கிற பதில் இதுதான்: "அக்கா, வீட்டுப்பாடம் அங்கியே முடிச்சிட்டு வரும். வயித்துக்கு எதாவது குடுக்கிறோம். ஏழு மணிக்குள்ள வீட்டுல இருக்கும். நீங்க வர்ற வரைக்கும் எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்." கடைசி வரிதான் அவர்களுக்கு வேண்டியது.

சம்மதத் தாளில் ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா உண்டா என்பதையும், அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடாத இடங்கள் உண்டு, அதனால் அம்மாவின் எண் மட்டும் போதாது.

5. ஒரு மாலையின் வரிசை

தின்பது, ஓடுவது, உட்கார்ந்து பேசுவது, படிப்பது, வீட்டுக்குப் போவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் படிப்பை முதலில் வைக்கப் பார்ப்பார்கள். பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை மறுபடி உட்காரவைத்தால் எதிரில் இருப்பது உடம்பு மட்டும்தான்.

நாலே முக்காலுக்குச் சிற்றுண்டி. மதியம் ஒரு மணிக்குச் சத்துணவு சாப்பிட்டது, அதோடு சரி. பசியில் இருக்கிற பதினான்கு வயதுப் பிள்ளை சண்டைதான் போடும். 25 பேருக்குக் கொண்டைக்கடலை முக்கால் கிலோ, முந்தின இரவே ஊறவைத்தது. மறந்துபோன நாளுக்கு அவித்த வேர்க்கடலை. வாரம் ஒரு நாள் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டு. சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். கூடவே டீ கொடுக்காதீர்கள், டீ அதைத் தடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை அதிகமாக இருக்கிற வயது இது. பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை வயிறு காலியாக இருக்கும்போது போட்டுவிட்டுக் குமட்டுகிறது என்று தூக்கிப் போடுவார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்கு மைதானம், முக்கால் மணி நேரம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைதானத்தைச் சும்மா திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் அது கிரிக்கெட் மைதானமாகிவிடும். நான்கு பையன்கள் ஆடுவார்கள், எட்டுப் பேர் நிற்பார்கள், பெண் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கிரிக்கெட் வாரம் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் கோ-கோ, கபடி, எறிபந்து. பாதி நேரம் மைதானம் முழுவதும் பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் முதல் பாதி. இரண்டாம் பாதி என்று சொன்னால் அது வராமலே போகும்.

வேலூர் வெயிலை மறக்காதீர்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஐந்து மணிக்குத் தரை இன்னும் சுடும். இந்த மாதங்களில் மட்டும் பேச்சையும் படிப்பையும் முன்னால் வைத்து, ஐந்தே முக்காலுக்கு மேல் மைதானத்துக்குப் போங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டுவதால் எல்லாவற்றையும் அரை மணி நேரம் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வட்டமாக உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். "இன்னைக்கு எரிச்சலா இருந்தது எது?" என்பது நல்ல கேள்வி. "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும். பேச விருப்பமில்லாதவர் "அடுத்து" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆறு மாதம் "அடுத்து" மட்டும் சொன்ன ஒரு பையன் எங்களிடம் இருந்தான். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

கடைசியாக நாற்பது நிமிடம் வீட்டுப்பாடம். நீங்கள் பாடம் நடத்தாதீர்கள். பத்தாம் வகுப்பு எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு எழுதக்கூடியவர்களைக் கவனியுங்கள். தேறினால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பெண் பிள்ளைகள் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை" என்று எழுதி ஒட்டிய ஒரு மையத்தில் ஒரே வாரத்தில் ஒன்பது பெண் பிள்ளைகள் நின்றுபோனார்கள். ஒரு மூலையில் பாய், சிலேட்டு, கொஞ்சம் கட்டைகள் போட்டுவையுங்கள், போதும்.

6. எதை எப்போது பேசுவது

முதல் மாதமே மருத்துவரைக் கூப்பிட்டுப் பருவமாற்றம் பற்றி உரை நிகழ்த்த வைப்பார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே போய்ச் சிரிப்பார்கள். அந்தத் தலைப்பு அதோடு செத்துவிடும்.

தூக்கத்தில் தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லாத தலைப்பு, எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே பின்னால் தள்ளிப்போகிறது, அதற்கு மேல் செல்போனும் சேர்கிறது. அடுத்து சாப்பாடு, அடுத்து கோபம், உதட்டில் வைக்கிற புகையிலைப் பொட்டலம். உடம்பு, மாதவிடாய், காதல் எல்லாம் மூன்றாம் மாதத்துக்கு மேல்.

அதற்குக் கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனா. எல்லோரும் எழுதியே ஆக வேண்டும், கேள்வி இல்லாதவர் "இல்லை" என்று எழுத வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் எழுதுகிறவர் மேல் எல்லார் கண்ணும் போகும், யாரும் எழுத மாட்டார்கள். எங்கள் முதல் பெட்டியில் 23 தாள்களில் 19 "இல்லை". நான்காவது முறை அது ஆறாகக் குறைந்தது. மாதவிடாய் தொடங்கிய ஓரிரு வருடம் நாள் தப்பி வருவது இயல்பா, முகப்பரு எப்போது போகும், ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் நோயா என்றெல்லாம் வரும். பதிலைக் கிராம சுகாதாரச் செவிலியரை வைத்துச் சொல்லுங்கள், பெயர் தெரியாமல். மாதவிடாய் பற்றிப் பையன்களுக்கும் சொல்ல வேண்டும், முதல் முறை மட்டும் தனித்தனியாக.

சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு தாளில் வந்தால் கையெழுத்தைத் தேடி எல்லோரையும் மிரட்டாதீர்கள். அன்றே வட்டத்தில், "இப்படி ஒருத்தர் எழுதியிருக்கீங்க, நான் எட்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இருங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். யார் என்று தெரிந்துவிட்டால் தனியாக விடாதீர்கள். வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

7. கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மூன்றாம் மாதத்திலிருந்து சிற்றுண்டிக் கணக்கு இரண்டு பிள்ளைகள் கையில். மாதம் ஒரு முறை ஆட்களை மாற்றுங்கள், ஒரு பையன், ஒரு பெண். பணம் குறையும். எங்களுக்கு முதல் மாதமே 40 ரூபாய் குறைந்தது. நாங்கள் யார் என்று கேட்கவில்லை. அந்த வாரம் எலுமிச்சை இல்லாமல் சுண்டல் போட்டார்கள், காரணத்தை அவர்களே வட்டத்தில் சொன்னார்கள். பெரியவர் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினால் அந்தப் பொறுப்பு வெறும் விளையாட்டாகிவிடும்.

8. வராமல் போகிறவரைத் தேடிப் போங்கள்

தொடர்ந்து மூன்று மாலை வராவிட்டால் நான்காம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும். "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "உன் தட்டு சும்மா இருந்துச்சு" என்றால் போதும்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் மஞ்சள் நீராட்டுக்குப் பிறகு நிற்பார்கள். விழா முடிந்து பதினைந்து நாள் கழித்து உங்கள் மையத்துப் பெண் பொறுப்பாளர் போகட்டும். அவளோடு சேர்ந்து வர இன்னொரு பிள்ளையை முன்பே பேசிவைத்துக்கொண்டு போனால் அம்மா அனுப்புவார். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் தாமதம் வேண்டாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் செய்வது குழந்தைத் திருமணம். இதற்கும் 1098தான். கூடவே, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்தை அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது.

பையன்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனதும் பந்தி பரிமாறவோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். தேர்வு முடிவு வருகிற அன்றே அவன் வீட்டில் நில்லுங்கள். துணைத் தேர்வு ஜூன், ஜூலை வாக்கில் வந்துவிடும், பணம் கட்டக் கொடுக்கிற நாட்கள் குறைவு. ஒரு வாரம் விட்டால் அவன் ரயிலேறியிருப்பான்.

9. பதிவேடும் படமும்

இரண்டு நோட்டுகள் போதும். ஒன்று வருகை. இன்னொன்றில் பிள்ளைக்கு ஒரு பக்கம், மாதம் இரண்டு வரி. அதைப் பூட்டிவையுங்கள். உதவி செய்பவர் படம் கேட்பார், தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையின் படம். கணக்கைக் காட்டுங்கள், சுண்டலைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், படம் தர வேண்டாம். ஃபிளெக்ஸ் வைப்பதாகச் சொல்பவரிடமும் அதேதான். கட்சிக்காரர் பெயர் சுவரில் ஏறினால் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை இறங்கிவிடும்.

10. ஏப்ரல், மே

தேர்வு முடிந்ததும் மூடிவிடுவதுதான் வழக்கம். பிள்ளைகள் வேலைக்குப் போவதும் கல்யாணப் பேச்சு தொடங்குவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். முழுதாக நடத்த முடியாவிட்டாலும் வாரம் ஒரு காலை, ஆறரை முதல் எட்டரை வரை வையுங்கள். பிறகு வெயில் ஏறிவிடும். சிற்றுண்டிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, வெங்காயத்தோடு. ஊருக்குப் போகிற பிள்ளைகளின் பட்டியலை முன்பே எடுத்து, யார் எந்தத் தேதியில் திரும்புவார்கள் என்று எதிரில் எழுதிவையுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.